மூணாவது வளைவுல தண்ணி

ஹலோ... ஹலோ... மாப்ள, வெயிலுமுத்து, சத்தமாப் பேசு. இங்கன எப்போதும்வென்றான் ஊர்ல சடங்கு வீட்டு ரேடியோ காதைக் கிழிக்கு... ஆமா, அத்தான்தான் பேசுதேன். எத்தன தடவ அடிக்கேன், எடுக்கவே மாட்டேங்க?... சரி, சரி. மைதானத்துல ஆயிரம் வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா.

...நான் என்ன செய்ய? தங்கச்சி மக சடங்கு. தாய்மாமன் சீரு வராம பிள்ளைக்குத் தண்ணி ஊத்துவாவளா? இல்லேன்னா ஃபைனல் அன்னைக்கு டிராக்க ஒன்ட்ட விட்டுட்டு இங்கன வந்து பந்தக்கால் கிட்ட நிப்பனா?

...பதினாலு ரேஸ் முடிஞ்சிட்டா? ஸ்கோரச் சொல்லு... நாம நாப்பத்தொண்ணு, தூத்துக்குடிக்காரன் நாப்பத்தி மூணு. அப்ப கடைசி ரேஸ்ல நம்ம ஆளு ரெண்டு பேரும் முதல் ரெண்டு இடத்துல வரணும். அப்பத்தான் கோவில்பட்டிக்குக் கப்பு, அப்படித்தான?... யாரு எறங்குதா?... எம்மவன் இசக்கியும் ரிஜோவுமா. ம்... நல்ல சோடிதான்.

...சிரிக்காதலே. எம்மவன் உள்வட்டத்துலயே ஓட்டுனா ஒனக்கு என்ன? சீசன் பூரா செக்குமாடு, செக்குமாடுன்னு கூப்பிட்டே அவன் மூஞ்சி செத்துப்போச்சு. மண்ணுல ஓட்டுத பைக்கு ரேஸு, பிரேக் இல்லாத வண்டி. வளைவுல சாச்சு வழுக்க விட்டுப் போகணும். உள்ள போனா என்ன, வெளிய போனா என்ன?... ஆமா, ஆமா, ரிஜோ வேலி ஓரமாப் போயித்தான் ஜெயிக்கான். யாரு இல்லேன்னா? அவன் தைரியசாலி. எம்மவன் அப்பன் பேச்சக் கேக்கவன். அம்புட்டுதான்.

...என்னது, புழுதியே இல்லையா? அது எப்படி? காலைல மொளவா வத்தல் காயப் போடலாம் போலல்ல கெடந்துச்சு?... லாரித் தண்ணியா. எத்தன லாரி?... மூணு. சரி. எங்கெங்க விட்ட?

...மூணாவது வளைவுலயுமா?

...இரு, இரு. வெளிப்பக்கமுமா? வெள்ளக்கல்லு நட்டு வச்சிருக்கேனே, அந்த வேலி ஓரத்துலயா?... ஏலே, அங்கன ஒரு சொட்டு விழக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லயா? ஒம்போது மேட்ச் நடந்துச்சே, ஒரு நாளாவது அங்கன நான் தண்ணி விட்டுப் பாத்தியா நீ?

...யாரு, லீக்குல இருந்து வந்த ஆபீசரா? டிவில புழுதிதான் தெரியுதுன்னாரா... நீ சொன்னியா? மாடசாமி இடம், தண்ணி ஊத்துனா ஆகாதுன்னு நான் சொன்னதச் சொன்னியா?... சிரிச்சாரா. ம்... சாமியாவது கீமியாவதுன்னாரா... சிரிக்கத்தான் செய்வாரு.

ஏட்டி சுகுணா, வாரேன்னு சொல்லு. சீர்த்தட்டு அங்கனயே இருக்கட்டும். போன் பேசிட்டு வாரேன்னு ஒங்கம்மாட்ட சொல்லுட்டி, போ...

...ஆங், மாப்ள, சொல்லு. பள்ளமா? எப்ப விழுந்துச்சு?... பன்னெண்டாவது ரேஸுக்குப் பெறவு. எம்புட்டு?... சாப்பாட்டுத் தட்டு அளவா. மண்ணப் போட்டு மிதிச்சிட்டியா? பெறவு?... இப்ப சொளவு அளவா... மறுபடியும் போட்டியா? எத்தன கூடை?... ஆறு கூடையா?

...போட்ட மண்ணு எங்க போகுதுன்னே தெரியலையா?

...மாப்ள. நான் சொல்லுதத மட்டும் கேளு. ரெஃப்ரிட்ட போ. சிவப்பு விளக்கப் போடச் சொல்லு. கடைசி ரேஸு வேண்டாம்... வேண்டாம்னா வேண்டாம். கப்பு கெடக்கு சவம்... காரணமா? காரணம்... வேலி லூசா இருக்குன்னு சொல்லு. ஆமா, வேலி. ஓடு, ஓடு. போன வைக்காத, கையிலயே வச்சிக்கிட்டு ஓடு.

...என்ன சொல்லுதாரு?... வேலிய இப்பத்தான் பாத்தாவளா. நல்லா இருக்கா... அப்ப பாம்பு கெடந்துச்சுன்னு சொல்லு. கண்ணாலப் பாத்தேன்னு சொல்லு... நம்ப மாட்டேங்காரா? ஏலே, எங்கிட்டக் கொடு போன... வாங்க மாட்டேங்காரா...

...ஸ்டார்ட் நாடாக்கிட்ட வந்துட்டாவளா? நாலு வண்டியுமா?

...கத்தாதலே, சொல்லுதேன். நீ கழுகுமலைல இருந்து இங்கன வேலைக்கு வாரதுக்கு முந்தி நடந்தது. ஒங்கக்காளுக்கு மட்டுந்தான் தெரியும். அங்கன சாமியும் இல்ல, பூதமும் இல்ல. அது கிணறு... ஆமா, கிணறு. எங்க அப்பா வெட்டுன கிணறு... மண்ணப் போட்டுத் தூர்க்கலலே. தூர்த்திருந்தாத்தான் ஒண்ணுமில்லயே! மறுநா லீக்குக்காரன் டிராக்குக்கு நிலத்த அளக்க வாரான். கிணறு கெடந்தா வேற ஊருக்குப் போயிருவேன்னுட்டான். ரெண்டு வருசமா மழ இல்ல, உளுந்தும் இல்ல, பருத்தியும் இல்ல. குத்தகையாவது வரட்டும்னு... ஒரு ராத்திரில நான் என்ன செய்ய? குறுக்க பனந்தடியப் போட்டு, மேல பருத்திமாரப் பரப்பி, அதுக்கு மேல சரளக் கொட்டிட்டேன். காஞ்சு கெடந்தா தாங்கும்னு நெனச்சேன். தாங்கத்தான செஞ்சிச்சு, சீசன் பூரா!... ஆமா, உள்ள வெறுங்குழிதான்... திட்டு, பெறவு திட்டு. ரெஃப்ரிட்ட சொல்லு மொதல்ல. தங்கசாமியே சொல்லுதான்னு சொல்லு. கிணறுன்னு சொல்லு. கத்திச் சொல்லுலே!

...என்ன சத்தம் அது? எதுக்கு எல்லாரும் கூப்பாடு போடுதாவ?... நாடா தூக்கியாச்சா?... மாப்ள... மாப்ள...

...இசக்கி உள்வட்டத்துலதான போறான்? பாத்துச் சொல்லு. சிவப்பு ஹெல்மெட்டு. உள்ளதான?... உள்ளதான். சரி... சரி... யாரு வெளிய?... ஆமா, அவன்தான். அவன் எப்பவும் வெளியதான். ரிஜோவக் கை காட்டி உள்ள கூப்பிடு, துண்ட வீசு, குறுக்க ஓடு, எதையாவது செய்யி... ஒரு ரவுண்டு போயிட்டாவளா? ஒண்ணும் ஆகலயா?... ஒண்ணும் ஆகலயா! கடவுளே... இன்னும் மூணு ரவுண்டு தாங்கிட்டா... ரெஃப்ரி பாத்துட்டாரா? விளக்கப் போடுதாரா?... கிட்ட போயிட்டியா?...

...ஏலே.

...ஏலே, என்ன ஆச்சு? ஏன் சத்தம் நின்னுபோச்சு? வண்டிச் சத்தமே கேக்கலயே?... யாரு?... என்ன கலரு ஹெல்மெட்டு?... நீலமா... நீலம். அப்ப நம்ம இசக்கி இல்ல. அப்பாடி...

...இல்ல, இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சானா ரிஜோ?... ஆளே தெரியலையா? வண்டியும் இல்லயா? அப்ப... அப்ப வேலி மட்டுந்தான் நிக்கா?

ஏட்டி, போட்டி அங்கிட்டு! சீரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்... 

...ஹலோ... மாப்ள... யாரு இது? ஏய்யா, இசக்கியா? ஒனக்கு ஒண்ணுமில்லயே? கையி காலு... சரிய்யா, சரிய்யா. அழாத. கயிறு எறக்குதாவளா? குரல் கொடுத்துப் பாத்தியளா?... பதில் இல்லயா... ம்... ம்... ஃபயர் சர்வீஸ் வாரதுக்குள்ள யாரும் ஓரத்துல நிக்காதிய, சரியும்.

...என்ன கேக்க?

...இல்லய்யா, அது வந்து... அங்கன மண்ணு கொஞ்சம் லேசு, அதான்...

...கத்தாதய்யா.

...ஆமா.

...ஆமாய்யா. அதுக்குத்தான் ஒன்னைய உள்ளயே ஓட்டச் சொன்னேன். பெத்த மனசு கேக்கல.

...ரிஜோட்டயா?... இல்ல. அவன்ட்ட சொல்லல... தெரியும்யா, ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சா நம்ம வீட்டுலதான் சாப்பிடுவான், தெரியும். ஒவ்வொரு வாரமும் சொல்லிரலாம்னு வாயெடுப்பேன். சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்னு... இன்னும் ஒரு மேட்ச், இன்னும் ஒரு மேட்ச்னு...

...யாரு அழுகா அங்கன? அவன் அம்மையா? ஸ்டெல்லாமேரி வந்திருக்காளா?... வேண்டாம். போன அவட்ட கொடுக்காத. நான் நேர்ல வந்து... ஏய்யா, ஒங்காலப் பிடிக்கேன், கொடுக்காதய்யா... இசக்கி... இசக்கி...

...ஸ்டெல்லாமேரி.

...ஆமா தாயி, தங்கசாமி அண்ணாச்சிதான்... வாரேன், இந்தா பொறப்பட்டுட்டேன்... ஆமா, என் நிலந்தான். எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்...

...இல்ல, தண்ணி கிடையாது. காஞ்ச கிணறு.

...ஆழமா?

...தாயி, நீ மொதல்ல எங்கயாவது உக்காரு... சரி. சரி, சொல்லுதேன்.

...நாப்பது அடி.