முன் சீட்டு

செங்கல்பட்டில் காலையில் கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவி போன் பேசி முடித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நாம போற சின்ன பிளேன்ல பின்னாடிதான் வழியாம். தம்பி சொல்றான். நீ முன் சீட்டு போட்டு வெச்சிகீற."

"பஸ்ல முன் சீட்டுக்காரன்தானே மொதல்ல எறங்கறான்."

"றெக்கையில விசிறி சுத்துமாம். அது பக்கத்துலயே நம்ம சீட்டு. காதும் போவும், கடைசியாவும் எறங்கணும்."

"நான் இருபது வருசமா பஸ் ஓட்டறவன். எனக்குத் தெரியாதா?"

"அதான் டிரைவர் பக்கத்துல எடம் புடிச்சியா? உன்னாண்ட பேசிகினு ஓட்டுவானா அவன்?"

"வுடு. பத்து நிமிசந்தான் லேட்டாவும்."

"எங்கம்மா செத்தப்பவும் பத்து நிமிசந்தான்னு சொன்ன. படாளத்துல வண்டிய நிறுத்தி நாஸ்தா துன்ன. போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. இப்ப அப்பா. தூத்துக்குடியில ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. அவரு மூஞ்சியும் பாக்கலன்னா உன் வூட்டுக்கு வரமாட்டேன்."



"உன்ன மொதல்ல எறங்க வுடச் சொல்லி எல்லாரையும் கேக்கறேன்."

"கேப்ப. எங்கம்மா சாவுக்கு ஒரு நாள் லீவு கேக்க உனக்கு வாய் வரல, நைட் டூட்டி முடிச்சிட்டுதான் கெளம்பின."

வண்டலூர் தாண்டியதும் அவள் பையோடு எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே நல்ல நெரிசல். விமான நிலையத்துக்கு இறங்க வேண்டிய திரிசூலம் வந்ததும் அவன் பின்னாலிருந்து கத்தினான்.

"வழி வுடுங்கப்பா. அவங்கப்பா செத்துட்டாரு. அவ மொதல்ல எறங்கட்டும்."

கும்பல் விலகியது. அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.