மூணு படகு, மூணு நிறம்

— இன்னும் எவ்வளவு நேரந்தான் பாத்ரூம்ல இருப்பா உன் பொண்ணு? உப்புக் காத்துல உடம்பெல்லாம் பிசுபிசுங்குது. நானும் குளிக்க வேணாமா?

— வருவா. உக்காருங்க, டீ ஆறுது.

— அரைமணி நேரமா தண்ணி ஓடுது. மாடித் தொட்டியே காலியாயிடும்.

— ஆகட்டும்.

— என்ன ஆபீசரம்மா, மூஞ்சியே சரியில்ல? இன்னைக்கும் கடல்தண்ணிய பாட்டில்ல புடிச்சுட்டுப் போய் சோதிச்சீங்களாக்கும்?

— சோதிச்சோம். போன வாரத்தவிட மோசம். குளிக்கக் கூடாதுன்னு வச்ச போர்டு அப்படியேதான் இருக்கும்.

— அட போம்மா! ஊர்ச் சாக்கடையெல்லாம் கடல்ல விழுது, அத விட்டுட்டு எங்கள நோண்டுறீங்க. உல்லாசப் படகு ஓட்டுறவன்னா அவ்வளவு இளப்பமா? அந்த போர்டப் பாத்துட்டு வர்ற கூட்டமும் அப்படியே திரும்பிப் போகுது.

— சாக்கடை மலைக்கு அந்தப் பக்கம் போகுது. இந்த வளைகுடாவுல இருக்கறது உங்க மூணு படகுதான்.

— மத்த ரெண்டு பேரப் பத்தி எனக்குத் தெரியாது. நான் கரைக்கு வந்ததும் கக்கூஸ் டேங்க்க மெஷின்ல குடுத்து உறிஞ்ச வச்சுட்டுத்தான் வீட்டுக்கே வருவேன்.

— இன்னைக்கும்?

— இன்னைக்குந்தான். சும்மா சொல்லக் கூடாது, அந்த மெஷின்காரன் தங்கமான ஆளு. சிரிச்சுப் பேசிக்கிட்டே முடிச்சுக் குடுத்தான்.

— அவர் இன்னைக்கு லீவு. மெஷின் காலையிலேருந்து பூட்டிக் கிடக்கு.

— டீயில சக்கரையே பத்தலையே.

— டீயக் குடிங்க.

— சரி, சரி. பூட்டிக் கிடந்தா என் தலையிலயா கொட்டிக்க முடியும்? படகு நிறைய ஆளு, டேங்க் ரொம்பி நாறுது. கடல் வத்துற நேரமாப் பாத்துத்தான் வால்வத் திறந்தேன். நீரோட்டம் அப்படியே நடுக்கடலுக்கு இழுத்துட்டுப் போயிடும். இத்தன வருஷமா இதே கணக்குதான்.

— இத்தன வருஷமாவா?

— சொல்ற பேச்சுல வந்துருச்சு, விடேன்.

— இன்னைக்குக் காத்து கரையப் பாத்து அடிச்சுது. மேல மிதந்ததெல்லாம் திரும்பி வந்திருக்கும்.

— வரட்டும். அது என் படகுலேருந்து வந்ததுன்னு எவன் சொல்லுவான்?

— காலையில நீங்க மறந்துட்டுப் போன சாப்பாட்டக் குடுக்க படகுக்கு வந்தேனே.

— ஆமா. நான்கூட, என்னடா இது அதிசயமா இருக்கேன்னு நெனச்சேன்.

— ஆபீஸ்ல சாய மாத்திர குடுத்தாங்க. மூணு படகு கக்கூஸ்லயும் போட்டேன். ஒண்ணுக்குச் செவப்பு, ஒண்ணுக்கு நீலம். உங்களுக்குப் பச்சை.

— கட்டுன புருஷனையே வேவு பாத்தியா?

— மத்தவங்க படகுல போட்டுட்டு உங்கள மட்டும் விட்டா அது என்ன வேலை? நீங்க கடல்ல வால்வத் திறக்காம இருந்திருந்தா மாத்திர வீணாப் போயிருக்கும். வீணாப் போகணும்னு வேண்டிக்கிட்டுத்தான் போட்டேன்.

— லைசென்ஸ் போயிடும்டி. நம்ம பொழப்பே அதுதானே!

— தெரியும்.

— இரு, இரு. கடல்ல பச்சை எங்கயாச்சும் உன் கண்ணுல பட்டுதா?

— கடல்ல நான் பாக்கல.

— அப்பாடா! வயித்துல பால வார்த்த. பாக்கலன்னே எழுதிக் குடு, அது பொய்யில்லையே? கடல் எவ்வளவு பெருசு, இத கரைக்காதா? சரி, அவளக் கூப்பிடு. எங்க போய்ப் புரண்டுட்டு வந்தா, இந்தத் தேய் தேய்க்கறா?

— கடலுக்குத்தான். போர்டெல்லாம் அம்மா ஆபீஸ் காட்டுற படம், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, போய் நீந்துன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க.

— அதுக்கென்ன இப்ப?

— மூணு தடவ சோப்புப் போட்டாச்சு. நகக்கண்ணுல இருக்கற பச்சை மட்டும் போகமாட்டேங்குது.