குவளையில் விழாத இலை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் குசுமோத்தோ அவர்களே! நாற்பது ஆண்டுகள் துறைமுகத் தெருவில் மதுக்கூடம் நடத்தி, நல்லதையும் நாராசத்தையும் ஒரே மிடறில் பிரித்தறியும் நடுவர் அமாக்கோ அம்மையார் அவர்களே! இருநூற்றுப் பத்துப் படிகளிலும் முழங்காலோடு சண்டையிட்டு, வென்று, இந்த மன்றத்திற்கு ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் தாய்மார்களே! கலக்கிக் களைத்தவர்களே! சுவைத்துச் சிவந்தவர்களே! மூன்றாண்டுகளாக இரண்டாம் பரிசோடு வீடு திரும்பும் என் அருமைத் தம்பி, டோஃபு கடை மகாபே அவர்களே! மூன்றாம் வரிசையில், என் கண்ணைப் பார்க்காமல் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி இகுயோ அவர்களே! பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே...

உங்களை முதலிலேயே விளித்துவிட்டேனா? விளித்துவிட்டேன். மன்னியுங்கள். இன்று எனக்கு எது முதல், எது முடிவு என்றே விளங்கவில்லை.

ஓனோமிச்சி நகரத்துக் கல்படிச் சந்துக் குடியிருப்போர் சங்கத்தின் வீட்டுக் காக்டெய்ல் போட்டியில் முதற்பரிசு பெற்ற ஹிரானுமா தெய்ஜி, வெற்றிக் கோப்பையைப் பெறுமுன் மூன்று நிமிடம் நன்றி நவில்வார் என்று அறிவித்தார்கள். அந்த ஹிரானுமா நான்தான். அதில் மட்டும் குழப்பமில்லை. நன்றியுரையைத் தாளில் எழுதியும் வந்திருக்கிறேன். இதோ தாள். "என் மனைவியின் மூக்குக்கு நன்றி" என்று தொடங்குகிறது. அந்த வரியைத்தான் என்னால் படிக்க முடியவில்லை.

என்ன மகாபே? கண்ணாடியைப் போடச் சொல்கிறாயா? போட்டிருக்கிறேனப்பா. கோளாறு கண்ணில் இல்லை.

பெரியோர்களே! நான் யார்? முப்பத்தைந்து ஆண்டுகள் கீழே கப்பல் தளத்தில் கப்பல்களுக்குப் பூச்சுப் பூசியவன். துருவைத் தடுக்கும் பூச்சு, தண்ணீரைத் தடுக்கும் பூச்சு, சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பூச்சு! அத்தனை பூச்சும் கப்பலுக்குப் போனது போக மீதி எங்கே போனது? என் மூக்குக்குள் போனது! வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன், கைக்கு வேலையில்லை, ஒரு ஷேக்கர் வாங்கினேன். கை குலுக்கத் தெரிந்துகொண்டது. மூக்குக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. முதல் சனிக்கிழமை நான் கலந்த முதல் கலவையை இகுயோ முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "என்னங்க, இது நம்ம குடிக்கவா, இல்ல கப்பலுக்கு அடிக்கவா?"

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன்.

ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன், தாய்மார்களே! நம் ஊரில் ஒருவர் கலந்ததை இன்னொருவர் குடித்தால் என்ன சொல்கிறோம்? நன்றாக இருந்தால் "நல்லா இருக்கு" என்கிறோம். நன்றாக இல்லாவிட்டால்? அப்போதும் "நல்லா இருக்கு" என்கிறோம். தொண்டையில் இறங்கவே மறுத்தால்? "ரொம்ப நல்லா இருக்கு, இப்பதான் சாப்பிட்டு வந்தேன், வயிறு ஃபுல்லு" என்கிறோம். நான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அவைத்தலைவர் போன ஆண்டு என்னிடமே சொல்லியிருக்கிறார்!

இதை அறிந்துதானே நம் சங்கம் அந்த விதியை வகுத்தது? கலக்குபவர் ஒருவர், சுவைப்பவர் ஒருவர். இருவரும் ஒரே வீட்டார். ஏனென்றால் ஒரே வீட்டில் இருப்பவர்தான் உண்மை சொல்வார். "நான் சுவைத்தேன், நான் சொன்னேன்" என்று சுவைப்பவர் கையெழுத்திட்டால்தான் கலவை போட்டிக்கு வரும். அந்தக் கையெழுத்து இல்லாத குவளை எவ்வளவு இனித்தாலும் வாசலோடு நிற்கும்.

என் வீட்டில் சுவைப்பவர் இகுயோ. இருபத்திரண்டு ஆண்டுகள் சோயா சாஸ் ஆலையில், பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து, எது பதம், எது பழுது என்று பிரித்த மூக்கு அது! மது மட்டும் அவளுக்கு ஆகாது. ஒரு கரண்டி போனால் காதுவரை சிவந்துவிடும். ஆகவே சனிக்கிழமை மாலைக்கென்று ஒரு வழக்கம் வைத்தோம். நான் கலப்பேன். முதலில் நான் ஒரு வாய் பருகுவேன். பிறகு கரண்டியிலிருந்து மூன்றே சொட்டு அவள் புறங்கையில் விடுவேன். அவள் முகர்வாள், நாக்கில் தொடுவாள், ஒரு வரி எழுதுவாள். "புளிப்பு ஒரு படி கம்மி." "தேன் கத்துது." "எலுமிச்சைய நேத்தே அறுத்துட்டீங்க." நேற்றே அறுத்ததை எப்படிக் கண்டுபிடித்தாள்? அதுதான் இகுயோவின் மூக்கு. நான்காண்டுகள், நூற்றெழுபத்தொரு கலவைகள், நூற்றெழுபத்தொரு வரிகள்.

இன்று பரிசு பெற்ற கலவைக்கு வருகிறேன். ஜின், எதிர்த் தீவு எலுமிச்சை, தேன், சோடா. மேலே ஓர் இலை. எங்கள் வாசல் தொட்டியில் நிற்கும் சான்ஷோ மிளகுச் செடியின் இளந்தளிர். அதை அப்படியே போட்டால் வாசனை வராது என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளங்கையில் வைத்து, மறு கையால் 'டப்' என்று ஒரே தட்டு! அந்தத் தட்டில்தான் மணம் பிறக்கும். தட்டிய மறுகணம் குவளையில் விட வேண்டும்.

போன வாரச் சனிக்கிழமை என்ன நடந்தது? குவளை தயார். இலையை எடுத்தேன். தட்டினேன். 'டப்!' அதே நொடியில் வாசலில் மணி அடித்தது. பொட்டலம் கொண்டுவந்தவர். ஓடினேன், ரசீதில் முத்திரை வைத்தேன், ஓடி வந்தேன். குவளையில் ஒரு வாய் பருகினேன். மூன்று சொட்டு விட்டேன். இகுயோ முகர்ந்தாள், தொட்டாள், எழுதினாள். "இலை வாசம் முன்னாடி வந்து நிக்குது. அருமை."

நான் மகிழ்ச்சியோடு கையைத் துடைக்கப் போனேன். இலை என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆம், பெரியோர்களே! இலை கையில் இருந்தது. குவளையில் விழவே இல்லை. விழாத இலைக்கு வாசம் ஏது? நேற்று அறுத்த எலுமிச்சையைக் கண்டுபிடித்த மூக்கு, இல்லாத இலையை எப்படி முகர்ந்தது? நான் பதறி, இலையைக் கை துடைக்கும் துணியில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று முதல் இன்றுவரை எட்டு நாள். எட்டு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் முகம் எங்கே போகும்? கேட்காவிட்டால் என் மனம் எங்கே போகும்? பிப்ரவரியில் அவளுக்குச் சளி பிடித்துப் படுத்தாளே, அப்போதிருந்தா? அதற்கு முன்பிருந்தா? நூற்றெழுபத்தொரு வரிகளில் எது மெய்? எது மரியாதை? எனக்கு ஒரே ஒருத்தி உண்மை சொன்னாள் என்று நம்பியிருந்தேனே, அவளும் என்னிடம் "நல்லா இருக்கு" சொல்லத் தொடங்கிவிட்டாளா?

இன்று காலை இந்த மேடைக்கு வரும்போது ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் வந்தேன். தாளைப் படித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். வாய் ஏன் இப்படிப் போய்விட்டது என்று எனக்கே புரியவில்லை. இகுயோ, நான்... மன்னித்துவிடு.

யார் எழுந்திருப்பது? அவளேதான். உட்காரம்மா. இல்லை, பேசு. மைக் அங்கே வராதா? பரவாயில்லை, அவள் சொல்லட்டும், பின்வரிசைக்கு நான் திருப்பிச் சொல்கிறேன்.

என் மனைவி சொன்னது இது, அப்படியே சொல்கிறேன்: "அந்த இலைய நானும் துணியில பாத்துட்டேங்க. அன்னைக்கு ராத்திரியே துவைக்கப் போட்டேன். நீங்க கேப்பீங்கனு எட்டு நாளா பாத்துட்டே இருக்கேன். ஏன் கேக்கல?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது. எதிரெதிரே அமர்ந்து எட்டு நாள் சோறு தின்றோம், ஐயா!

இன்னும் சொல்கிறாள்: "சளி வந்துச்சுல்ல, அதுல போனதுதான். நாலு மாசமா வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. சொன்னா நீங்க ஷேக்கரக் கழுவிக் கவுத்துருவீங்க. கப்பல் தளத்த விட்டு வந்த அந்த வருஷம் மாதிரி செவத்தப் பாத்துட்டு உக்காருவீங்க. அத என்னால பாக்க முடியாது."

இகுயோ, சரி. அது எனக்காக. புரிகிறது. ஆனால் நாலு மாதமாக எழுதினாயே, "தேனக் குறைங்க", "இன்னும் கொஞ்சம் புளிப்பு" என்று? குறைத்தேன், கூட்டினேன், பரிசு வாங்கிவிட்டேனே! மூக்கில்லாமல் எப்படி எழுதினாய்?

என்ன? என்ன சொன்னாய்?

தாய்மார்களே, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள். அவள் சொல்வது எனக்கே முதல் முறை. "உங்க மூஞ்சியப் பாத்துதான். முதல் வாய் நீங்கதான குடிக்கிறீங்க? நல்லா வந்தா உங்க இடது புருவம் லேசா ஏறும். புளிப்பு பத்தலனா கீழுதட்டக் கடிப்பீங்க. அத வெச்சுதான் எழுதினேன். இலைக்கு மட்டும் தட்டுற சத்தத்த வெச்சு எழுதுவேன். அதுலதான் மாட்டிக்கிட்டேன்."

சபையோரே, இப்போது நீங்களே சொல்லுங்கள்! மூக்கில்லாத நான் அவள் மூக்கை நம்பினேன். மூக்கில்லாத அவள் என் புருவத்தை நம்பினாள். அப்படியென்றால் இந்தக் கலவையை முகர்ந்தது யார்? தேனைக் குறைத்தது அவள் வரியா, என் உதடா? முப்பத்தைந்து ஆண்டுப் பூச்சில் செத்துவிட்டது என்று நான் புதைத்துவிட்ட மூக்கு, எனக்கே தெரியாமல் என் புருவத்தில் வேலை செய்துகொண்டிருந்ததா? நான்தான் சுவைத்தேனா? அவள்தான் சுவைத்தாளா? யாருமே சுவைக்காமலா ஒரு முதற்பரிசு வந்தது?

அமாக்கோ அம்மையார் கை உயர்த்துகிறார். சொல்லுங்கள் அம்மா. "நான் உங்க மூஞ்சியப் பாத்துக் குடிக்கல ஹிரானுமா-சான். கண்ண மூடிட்டுதான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு. இந்த 'நல்லா இருக்கு' மரியாதைக்குச் சொல்றது இல்ல." நன்றி அம்மா! தலை வணங்குகிறேன்!

ஆனால் விதி என்ன சொல்கிறது? "நான் சுவைத்தேன்." கையெழுத்து இருக்கிறது; சுவை இல்லை. உண்மைக்காக வகுத்த விதியை உடைத்துவிட்டு, அந்தக் கோப்பையை என் வீட்டு அலமாரியில் எப்படி வைப்பேன்? தூசி தட்டும்போதெல்லாம் கை கூசாதா? ஆகவே அவைத்தலைவர் அவர்களே, அதை மகாபேக்குக் கொடுத்துவிடுங்கள்.

என்ன மகாபே? "ஐயோ வேணாம் அண்ணே, எனக்கு வேணவே வேணாம்" என்கிறாயா? இது முதல் மறுப்பு. வாங்கிக்கொள் தம்பி. "இல்லண்ணே, எப்படிண்ணே..." இது இரண்டாவது. மூன்றாவது முறை மறுத்தால் நிஜமாகவே திரும்ப வாங்கிக்கொள்வேன், ஜாக்கிரதை! பாருங்கள், எழுந்துவிட்டான். வா, வா. மூன்றாண்டு காத்திருந்த கை, இறுகப் பிடித்துக்கொள்.

இகுயோ, நீயும் மேடைக்கு வா. அந்தப் படியைப் பார்த்து ஏறு.

நடுவருக்குக் கலந்ததில் ஒரு குவளை மீதி இருக்கிறது. இதோ தளிர். இம்முறை எல்லோரும் பாருங்கள். 'டப்!' விழுந்துவிட்டது. நான் முதல் வாய் பருக மாட்டேன். என் முகத்தையும் பார்க்காதே, கடலைப் பார். மூன்று சொட்டு... அந்த இலையையும் கடித்துப் பார்க்கிறாயா? கடி.

என்ன தெரிகிறது?

"ஒண்ணும் தெரியலங்க."

சரி. சரியம்மா. அதுவும் சரிதான். வேறு எதுவுமே இல்லையா?

"ஜில்லுனு இருக்கு. சோடா குத்துது. அப்புறம்... இருங்க. நாக்கு ஓரம் மரத்துப் போகுதுங்க. இலை கடிச்ச எடத்துல. இது நெசமா தெரியுது."

பெரியோர்களே! தாய்மார்களே! நாக்கு மரத்துப் போகிறதாம்! நான்கு மாதத்தில் என் வீட்டில் பிறந்த முதல் மெய்யான வரி இது! இதை எழுத வேண்டும். என் நன்றியுரைத் தாளின் பின்புறம் காலியாகத்தான் இருக்கிறது. நூற்றெழுபத்திரண்டு: "ஜில். குத்து. நாக்கு மரத்தது." கையெழுத்து போடு இகுயோ. போட்டுவிட்டாள்.

நாளை காலை அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். மணம் திரும்புமா? தெரியாது. நான் மகிழ வேண்டுமா, அழ வேண்டுமா? அதுவும் தெரியவில்லை; இப்போது இரண்டும் சேர்ந்தே வருகிறது. ஒன்று மட்டும் தெரியும். வரும் சனிக்கிழமை குளிரையும் குத்தலையும் மரப்பையும் வைத்து ஒன்று கலப்பேன். அவள் என் புருவத்தைப் பார்க்காமல் சுவைப்பாள். "சகிக்கல" என்று சொன்னால் மனம் குளிர்வேன்.

பொறுமையோடு கேட்ட அவைத்தலைவருக்கும், கண்மூடிக் குடித்த நடுவருக்கும், இரண்டே முறை மறுத்த மகாபேக்கும், மூன்று நிமிடம் கொடுத்து முப்பது நிமிடம் தாங்கிய உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இறங்குமுன் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் கை தட்டப் போகிறீர்கள். என் மனைவி இப்போது சத்தத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் அறிகிறாள். ஆகவே எனக்காக, மரியாதைக்காகத் தட்டாதீர்கள். உள்ளே ஏதாவது விழுந்திருந்தால் மட்டும் தட்டுங்கள். வணக்கம்!