நீள நெட்டு

கல்யாணத்துக்கு நெட்டு வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். சாயங்காலம் போனால் கடை லைட்டில் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து விரித்த பிறகுதான் ஒன்று சந்தன நிறம், ஒன்று நீலம் ஓடிய வெள்ளை என்பது தெரியவரும். சேலை ஒரு வெள்ளை, தலையிலிருந்து தொங்குகிற வலைத்துணி வேறு வெள்ளை என்றால் பார்க்கிறவர்களுக்கு அதுதான் உறுத்தும், பெண் கண்ணில் படமாட்டாள். இன்ஸ்பெக்டரம்மா, நீங்கள் வேறு மதம், இதெல்லாம் உங்களுக்குப் பழக்கமிருக்காது. அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பெமிலா என் ஒரே மகள். இறந்துபோன சிஜின் அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பையன். எங்கள் சபைக்காரன்தான், குழித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல பையன், குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நெட்டும் கிரீடமும் எடுக்க நாகர்கோவிலுக்கு நாங்கள் மூன்று பேரும் காலை பஸ்ஸில் போனோம். பெமிலா கையில் எடுத்தது தலையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு முத்துப் பட்டை, அதோடு தோள்வரைக்கும் தொங்குகிற ஒரு துண்டு நெட்டு. கொசுவலைக்கு ஒட்டுப்போட வாங்குவது மாதிரி. நான் கல் பதித்த கிரீடத்தையும், தரையில் இழுபடுகிற நீள நெட்டையும் எடுத்து வைத்தேன். ஓரம் முழுக்கப் பூவேலை, கடைக்காரப் பெண்ணே ஒரு நிமிஷம் கையை எடுக்கவில்லை.

"அம்மா, நான் கல்யாணம் கெட்டப் போறேனா, சப்பரம் தூக்கப் போறேனா?" என்றாள் பெமிலா.

"ஒனக்க தலை ஒனக்கு மட்டும் உள்ளதா மக்கா? பாக்க வாறவங்களுக்கும் உள்ளதுதான்."

கழுத்து வலிக்கும் என்றாள். ஒரு நாள் வலிக்கட்டும் என்றேன். சிஜின் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவன், மாமிக்குப் பிடித்ததையே எடுக்கலாம் என்றான். அன்று எனக்கு அவனை ரொம்பவும் பிடித்திருந்தது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் கல்யாணத்தில் நான் போட்டது இரவல் நெட்டு, சித்தப்பா மகளுடையது. தாலி கட்டி முடிந்து கோயில் படியில் இறங்கும்போதே சித்தி வந்து, அடுத்த நாள் வேறொரு கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டும், அழுக்காகிவிடும் என்று சொல்லி, ஊசியைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குடும்பப் போட்டோவில் நான் வெறுந்தலையோடு, எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவள் மாதிரி நிற்கிறேன். அந்தப் போட்டோவை எங்கள் வீட்டில் மாட்டவே இல்லை. என் மகளுக்கு அப்படி ஒரு நாள் வரக் கூடாது என்று நினைத்தேன். எந்தத் தாயும் அதைத்தான் நினைப்பாள்.

எங்கள் சபையில் நெட்டு பற்றி ஒரு தீர்மானம் உண்டு. அதைக் கொண்டுவந்ததே நான்தான். கமிட்டியில் இருக்கிற ஜேசுதாஸின் மகள் சஜிதா, ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு போய், பிறகு சமாதானமாகி, கோயிலிலும் கல்யாணம் வேண்டும் என்று வந்து நின்றாள். கூச்சமே இல்லாமல் இவ்வளவு நீளத்துக்கு நெட்டு. பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் நான் எழுந்து பேசினேன். நெட்டு என்பது ஒரு சாட்சி, ஏற்கெனவே ஒருவனுக்கு மனைவியானவள் அதைப் போட்டால் மற்றப் பெண்களுக்கு என்ன மரியாதை என்று கேட்டேன். அப்படிப்பட்டவர்களுக்குப் புதன்கிழமை சாயங்காலம் ஜெபம் மட்டும், நெட்டு இல்லை, கிரீடம் இல்லை, பாட்டுக்குழு இல்லை என்று முடிவானது. சஜிதா அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன், சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. அதற்கு முன்னால் போதகர் இருவரையும் கூப்பிட்டு, முன்பு ஏதாவது பந்தம் உண்டா என்று விசாரிப்பார். பெமிலா இல்லை என்றாள். சிஜின், பொய் சொல்ல வராதவன், ஆமாம் என்றான். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லியிருந்தார்களாம், மனைவிக்கும் விசா வேண்டுமென்றால் கல்யாணம் பதிவாகியிருக்க வேண்டுமாம். அதற்காக இரண்டு பேரும் யாருக்கும் தெரியாமல் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்து, அவரவர் வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவன் மட்டும் வாயை மூடியிருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. நல்ல பையன்களிடம் இருக்கிற தொந்தரவு இதுதான்.

போதகர் ஐயா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். இதில் பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் தீர்மானப்படி புதன்கிழமைதான், நெட்டு கிடையாது என்றார். ஜேசுதாஸ் சம்மதித்தால் கமிட்டியில் தீர்மானத்தைத் தளர்த்தலாம், நீங்களே ஒரு வார்த்தை போய்க் கேளுங்கள் என்றும் சொன்னார். ஜேசுதாஸ் வீட்டுப் படியில் நான். அதை நினைத்துப் பார்த்தேன். அது முடியாத காரியம்.

சிஜின் என்னைத் தேற்றினான். "மாமி, நெட்டு இல்லேன்னா என்ன? எங்களுக்கு அது பெரிய காரியம் இல்ல."

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அவனோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிரித்துவைப்பதும் சரியாக வராது, கோர்ட்டுக்குப் போனால் ஊருக்கே தெரியும். நிதானமாக யோசித்தேன், இன்ஸ்பெக்டரம்மா. கோபத்தில் செய்யவில்லை. மரணம் வரைக்கும் என்று சொல்லித்தானே எல்லாரையும் சேர்த்துவைக்கிறார்கள். அப்படியானால் அவன் இல்லாமல் போனால் அந்தப் பதிவும் இல்லாமல் போகும், என் மகள் பழையபடி என் மகளாகிவிடுவாள். இதில் என்ன தவறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனை மட்டும் அழைத்தேன். பெமிலா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் செல்வதாஸ் முன்பக்கம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவருக்கு எப்போதுமே ஒன்றும் தெரியாது. நான் அடைப்பிரதமன் பாயசம் வைத்திருந்தேன். தோட்டத்து எலிக்கு வாங்கி வைத்திருந்ததை அவனுடைய தம்ளரில் மட்டும் கலந்தேன். தேங்காய்ப்பால் கொஞ்சமும் திரியவில்லை. குடித்துவிட்டு, மாமிக்க கைக்கு ஈடு யாருமில்லை என்றான். இரண்டாவது தம்ளரையும் அவனே கேட்டு வாங்கிக் குடித்தான். அந்தப் பையன் வயிறார என் வீட்டில் சாப்பிட்டுத்தான் போனான் என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

ஆஸ்பத்திரியில் உடலைப் பரிசோதனை செய்து, மஸ்கட்டிலிருந்து அவன் அண்ணன் வரும்வரை சவக்கிடங்கில் வைத்திருந்தார்கள். பெமிலா சாப்பிடவில்லை, அறையை விட்டு வெளியே வரவில்லை. போதகர் ஐயா ஜெபம் செய்ய வந்தார். ஜெபம் முடிந்ததும் அவருக்கு டீ கொடுத்துவிட்டுப் பக்குவமாகத்தான் கேட்டேன். துக்கம் ஆறட்டும், அவசரமில்லை, ஆனால் நாளைக்கு வேறொரு நல்ல வரன் வந்தால் நெட்டு போடத் தடையில்லையே என்று.

அவர் கையில் எடுத்த தம்ளரைத் திரும்பக் கீழே வைத்தார். பிறகு, "அம்மா, விதவைக்கும் நெட்டு கெடையாதுன்னு அந்தத் தீர்மானத்துல சேத்ததே நீங்கதானே?" என்றார்.

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தது, யார் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த எரிச்சலில் வாயில் வந்துவிட்டது:

"அப்பம் நான் அந்தப் பயலக் கொன்னது வெறுதேயா?"

போதகர் ஐயா டீயைக் குடிக்காமலே எழுந்துபோனார். உங்களிடம் சொன்னவர் அவர்தான் என்று தெரியும். எனக்கு வருத்தமில்லை, அவர் கடமையை அவர் செய்தார். பெமிலாவிடமும் அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அடக்கத்தன்று நடந்ததில் பாதியை நீங்களே பார்த்தீர்கள், ஆனால் நீங்கள் கல்லறைத் தோட்டத்து கேட் பக்கம்தானே நின்றுகொண்டிருந்தீர்கள், கோயிலுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் என் மகள் கோயிலுக்குள் வந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் அந்தக் கல் கிரீடம், பின்னால் நெட்டு. ஜேசுதாஸ் போதகரைப் பார்த்தார். போதகர் ஒதுங்கி, பெட்டியின் தலைமாட்டில் அவளுக்கு இடம்விட்டார். தீர்மானம் கல்யாணத்துக்குத்தான், அடக்கத்துக்கு இப்படி அப்படி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அவனுடைய மனைவியாக அவள் பெட்டிக்குப் பின்னால் கல்லறைவரை நடந்தாள்.

வழியெல்லாம் செம்மண். நெட்டின் ஓரம் மண்ணில் இழுபட்டது. எனக்கு மனது கேட்கவில்லை, பின்னாலேயே போய்க் குனிந்து தூக்கிப் பிடித்தேன். அவள் திரும்பி என் கையிலிருந்து அதை உருவிக்கொண்டாள்.

"இனி எனக்க பொறத்த வராத," என்றாள். என்னை அம்மா என்று கூப்பிடவில்லை.

பிறகுதான் நீங்கள் வந்து என் கையைப் பிடித்தீர்கள். அது சரிதான், நான் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீங்களும் கண்ணால் பார்த்தவர்தானே. அவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூட அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் கேட்ட அந்தக் குட்டை நெட்டையே வாங்கியிருந்தால் இவ்வளவு எடுப்பாக இருந்திருக்குமா?