அக்கரைப் பாண்

— உதில நில்லுங்கோ. சப்பாத்தோட உள்ள வராதையுங்கோ.

— சேறு இல்லையப்பா. துடைச்சுப்போட்டுத்தான் வாறன்.

— சைக்கிள் கரியரில கொழுவியிருக்கிற பை என்ன?

— பாண். பேக்கரியில சுட்டது.

— ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எந்தக் கடையில பாண் வாங்கினனீங்கள்?

— ஒரு கடையில. டொக்டர் சைக்கிள் ஓடச் சொன்னவர், ஓடினனான். வழியில பாண் கண்டன், வாங்கினன். இதில என்ன விசாரணை, பேர்பெச்சுவா?

— டொக்டர் ஓடச் சொன்னவர் சரி. மீசையில மா பூசச் சொன்னவரோ?

— மாவோ... எங்க?

— மற்றப் பக்கம்... ம். இப்ப மூக்கில.

— உது ஒரு பணிசு தின்னனான். பசிச்சுது.

— சீனி வருத்தக்காரன் பணிசு தின்னலாமோ?

— அதில சீனி இல்லை.

— சீனி போடாத பணிசோ? உதைப் போய் வேற ஆருக்கும் சொல்லுங்கோ.

— இல்லையெண்டா இல்லை. விடுமன்.

— எதுவரைக்கும் போனனீங்கள்?

— கூடிங்கன் மட்டும். அதில கப்பலை ஏத்தி இறக்கிற தண்ணிக்கதவு இருக்கெல்லோ, அதடியில கொஞ்சம் இருந்தனான்.

— கூடிங்கனுக்கு நான் நடந்தே போயிட்டு வருவன். நீங்கள் விடியக்காலமை வெளிக்கிட்டனீங்கள். பூசையையும் விட்டாச்சு.

— மெல்லமா ஓடினனான்.

— யோசப் உங்களைக் கண்டவன்.

— ...எந்த யோசப்?

— என்ர தம்பி யோசப். உங்களுக்கு எத்தினை யோசப்பைத் தெரியும்?

— எங்க கண்டவனாம்?

— பிரான்ஸ் எல்லையில. சாகெமுண்டில ஒரு ஞானஸ்நான வீட்டுக்குக் காரில போனவன். ஆத்தோரப் பாதையில உங்களைக் கண்டிருக்கிறான்.

— வேற ஆரையும் கண்டு நான் எண்டு நினைச்சிருப்பான்.

— ஆள் இல்லை, பொலிஸ் இல்லை, ஒரு பலகை மட்டும் நிக்கிற எல்லையில சைக்கிளால இறங்கி, தொப்பியையும் கழட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு போற மனுசன் இந்த ஐரோப்பாவில வேற ஆர்? "அக்கா, ஆமிக்காரன் மறிச்ச மாதிரியெல்லே யாகோப்பத்தான் இறங்கி உருட்டினவர்" எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவன்.

— ...கால் தன்ர பாட்டில இறங்குது. ஊரில ஆமிச் சென்றியைக் கண்டா இறங்காமல் போகேலுமே?

— அப்ப போனது உண்மை.

— கொஞ்சம் அங்கால போனனான்.

— அங்கால என்ன இருக்கு?

— ஒண்டும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிச்சது. ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் வாய்க்கால், நடுவில பாதை. கார் இல்லை. செயின் சத்தம் மட்டும் கேக்கும். ஒரு கிழவன் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பார். "பொன்சூர்" எண்டுவார். நானும் "பொன்சூர்" எண்டுவன். அவ்வளவுதான் கதை.

— பிறகு?

— பிறகு ஆறு வளையும். அதில ஒரு பழைய ஊர். மேல கோட்டை இடிஞ்சு கிடக்கு, கீழ கல்லு வீடுகள், ஒரு கோயில். ஊருக்குள்ள போறதுக்கு நல்ல ஏத்தம். நிண்டு நிண்டு உழக்கவேணும்.

— ஏறி?

— ஏறி... இறங்கி வருவன்.

— ஏறின உடன கடைக் கண்ணாடியைப் பாத்துத் தலை இழுக்கிறது ஏன்?

— ...அதையும் யோசப்போ கண்டவன்?

— அது வேற ஆள் கண்டது.

— வேற ஆர்? அந்த ஊரில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே.

— அதையும் பாத்து வைச்சிருக்கிறீங்கள். சரி... ஆரப்பா அவள்?

— எவள்?

— மீசையில மா பூசிவிடுறவள்.

— விசர்க்கதை கதையாதையும். இந்த வயசில...

— இந்த வயசிலதான் பொக்கற்றுக்குள்ள சீப்பு வைக்கத் தொடங்கியிருக்கிறீங்கள். எங்கட கலியாணத்துக்குக்கூட நீங்கள் தலை ஒழுங்கா இழுக்கேல்லை. படம் இருக்கு.

— அது காத்து.

— கோயிலுக்குள்ள காத்தோ?

— சரி, இப்ப நான் ஒண்டு கேக்கிறன். நான் கதவைத் திறக்க நீர் ஏன் ஃபோனை வைக்கிறனீர்?

— கதைச்சு முடிஞ்சா வைக்கிறதுதானே.

— ஆரோட கதைக்கிறனீர்?

— றீற்றாவோட.

— தமிழ் கதைக்கிற றீற்றாவோட ஏன் டொச்சில, ஜேர்மன் பாசையில கதைக்கிறீர்? போன கிழமை படியில நிண்டு என்ர காதால கேட்டனான்.

— அது... அவவின்ர மருமகளோட.

— றீற்றாவின்ர மகனுக்கு இன்னும் கலியாணம் முடியேல்லை.

— ...கதையை மாத்தாதையுங்கோ.

— ஆர் மாத்தினது? குசினிக்குள்ள ஃபோனைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, குசுகுசு எண்டு. நான் கேட்டா றீற்றா, றீற்றா...

— கலியாணம் எண்டு நீங்களே வாயெடுத்ததால சொல்லுறன். அஞ்சலா...

— அந்தப் பேரை இந்த வீட்டில எடுக்கவேண்டாம் எண்டு சொன்னனான்.

— நத்தாருக்குச் சொன்னனீங்கள். "வெள்ளைக்காரன், அதிலயும் பாண் போடுறவன், அவன்ர முகத்தில முழிக்கமாட்டன்" எண்டு. பெத்த பிள்ளை அழுதுகொண்டு வெளிக்கிட்டவள். இண்டைக்கு வரைக்கும் இந்தப் படி ஏறேல்லை.

— நான் போகச் சொல்லேல்லை.

— இருக்கச் சொன்னனீங்களோ? வாற மாசம் கோயிலில நாள் வைச்சாச்சு. பிள்ளை ஒண்டுதான் கேக்கிறாள். கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள தன்னைக் கூட்டிக்கொண்டு போறது ஆர் எண்டு.

— நீர் என்ன சொன்னனீர்?

— யோசப்பைக் கேக்கச் சொன்னன்.

— யோசப்பையோ?

— தகப்பன் வரமாட்டன் எண்டா தாய்மாமன்தானே.

— யோசப்புக்கு நேரா நடக்கத் தெரியாது.

— அப்ப ஆர்?

— ...பாணை எடுத்து வையும். காயப்போகுது.

— பாணை விடுங்கோ. எனக்குப் பதில் சொல்லுங்கோ. உங்களுக்கும் அவளுக்கும் நடுவில கிடந்து நான் நொந்துபோனன். அங்க அவள் வரமாட்டாளாம். இஞ்ச நீங்கள் பேரே எடுக்கக்கூடாதாம். கட்டின மனுசன் கிழமைக்கொருக்கா அக்கரைக்குப் போய் மீசையில மாவோட வாறார். நான் ஆரிட்ட அழ?

— அழாதையும்... இஞ்சரும், அழாதையும் எண்டுறன். பொம்பிளை ஒருத்தியும் இல்லை.

— அப்ப என்ன?

— ...விசாரிக்கப் போனனான்.

— என்னத்தை?

— பெடியனைப் பற்றி.

— எந்தப் பெடியனை?

— எத்தினை பெடியன் இருக்கு? பாண் போடுறவனைத்தான். என்ர தங்கச்சிக்கு ஊரில, இளவாலையில மாப்பிளை பேசேக்க நான்தானே சைக்கிளில போய் விசாரிச்சனான். ஆர் எண்டு காட்டிக்கொள்ளாமல், சலூனில, தேத்தண்ணிக்கடையில, கோயிலடியில. தங்கச்சிக்கு அவ்வளவு செய்த நான், பெத்த பிள்ளையைச் சும்மா தூக்கிக் குடுக்கிறதோ?

— முகத்தில முழிக்கமாட்டன் எண்டனீங்கள்.

— முழிக்கிறதுக்கு முன்னம் விசாரிக்கவேண்டாமோ?

— ம்... சரி. என்ன சொன்னவை?

— குடி இல்லை. அங்க கோயிலில மணி அடிக்கிற சங்கிலித்தாம் சொன்னவர். அந்தப் பக்கத்துப் பழசுகள் ஒருமாதிரி டொச்சுக் கதைக்குங்கள், பாதி விளங்கும். பெடியன் இரவிரவா மா பிசைஞ்சுபோட்டு, நித்திரையும் கொள்ளாமல் தாயைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போறவனாம். ஊர் பாண்ட் வாத்தியத்தில ஒரு குழலும் ஊதுறவனாம்.

— குறை ஒண்டும் இல்லையோ?

— இருக்கு. தூண்டில்காரக் கிழவன் சொன்னவர், கோவம் வருமாம். கெதியா ஆறியும் போமாம்.

— உங்களுக்கு ஆறுறதுதான் இல்லை.

— பேர் பஸ்தியான். எங்கட அப்புவின்ர பேர். அதை அவள் அண்டைக்குச் சொல்லேல்லையே.

— நீங்கள் சொல்ல விட்டனீங்களோ? அவனோட கதைச்சனீங்களோ?

— பாண் வாங்கினன். "பாண் நல்லம்" எண்டன். "மெர்சி" எண்டான். ஒவ்வொரு ஞாயிறும் அவ்வளவுதான். நான் ஆரெண்டு அவனுக்குத் தெரியாது. சைக்கிளில வாற ஒரு ஆள்.

— தெரியாது?

— எப்பிடித் தெரியும்? நான் மூச்சு விடேல்லை.

— போன வருசம் உலகக் கோப்பைக்கு வாங்கின கறுப்பு, சிவப்பு, மஞ்சள் ஜேர்மன் கொடித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னப் பிரெஞ்சு ஊருக்குள்ள ஒரு தமிழ் மனுசன் சைக்கிளில வந்து, "பாண் போடுற பெடியன் குடிப்பானோ" எண்டு சங்கிலித்தாமிட்டக் கேட்டா, ஒருத்தருக்கும் தெரியாதோ? என்னப்பா இது, இளவாலையோ? முதல் ஞாயிறே சங்கிலித்தாம் போய்ப் பெடியன்ர தாயிட்டச் சொல்லிப்போட்டார். தாய் அஞ்சலாவிட்டச் சொன்னவ. அஞ்சலா என்னட்டச் சொன்னவள்.

— அப்ப நீர் டொச்சில கதைச்சது...

— சம்மந்தியோட.

— கடைக் கண்ணாடியில தலை இழுத்தது...

— உள்ளுக்க நிண்டு பாத்ததும் அவதான். "வடிவான மனுசன்" எண்டு சொன்னவ.

— ...அப்பிடியோ சொன்னவ?

— பல்லைக் காட்டாதையுங்கோ. ஞாயிறு மத்தியானத்தோட பூட்டுற கடை அது. முதல் நாள் பூட்ட முன்னம் போனனீங்கள், சரி; மற்ற நாளெல்லாம் இவ்வளவு தூரம் உழக்கி, ஏத்தமும் ஏறிப் போய்ச் சேரேக்க எப்பிடித் திறந்திருக்கு எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லையோ? நான்தான் சொன்னனான். "மனுசன் களைச்சு வருவார், பூட்டிப்போடாதையுங்கோ. ஆரெண்டு தெரிஞ்சமாதிரிக் காட்டவும் வேண்டாம், வெக்கத்தில பிறகு வரமாட்டார்" எண்டு.

— அப்ப இவ்வளவு நேரமும் "ஆரவள், ஆரவள்" எண்டு என்னை உலுப்பினது?

— உங்கட வாயால வரட்டும் எண்டுதான். அவள் அதைத்தான் கேட்டவள். "அப்பா தானாச் சொல்லட்டும், நான் வாறன்" எண்டு. இப்ப சொல்லுங்கோ, யோசப்பிட்ட நான் என்ன சொல்ல?

— யோசப்பை வேண்டாம் எண்டு சொல்லும். ...பேர்பெச்சுவா, பெடியனிட்டச் சீனியைப் பற்றியும் நீரோ சொன்னனீர்?

— என்ன சீனி? நான் கடையைப் பூட்டவேண்டாம் எண்டு மட்டும்தான் சொன்னனான்.

— முதல் ஞாயிறு தந்த பணிசு இனிப்பு. அடுத்த ஞாயிறு, நான் வாய் திறக்க முன்னம், உள்ளுக்க போய் வேற தட்டில இருந்து ஒண்டை எடுத்துக்கொண்டு வந்து தந்தவன். கடிச்சுப் பாத்தன். சீனி இல்லை.

— அப்ப அது... அஞ்சலா...

— ஓம். அவள் சொல்லாட்டி அந்த ஊரில ஆருக்குத் தெரியும் எனக்குச் சீனி வருத்தம் எண்டு? என்னோட கோவிச்சுக்கொண்டு போன பிள்ளை, அப்பாவுக்குச் சீனி குடுக்காதை எண்டு சொல்லி வைச்சிருக்கிறாள். அவனுக்கு என்னை ஆரெண்டு தெரியும் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கீட்டுது, உமக்குத்தான் மறைச்சனான். ஆத்தங்கரையில சைக்கிளைச் சாத்திப்போட்டு நான் அழுதனான். அண்டையோட விசாரிப்பு முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஞாயிறு ஞாயிறா நான் போனது என்ர மருமோன்ர கடைக்கு.