சரோஜாவுக்கு சரோஜா அடித்த கடிதம்

சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் கிளம்பியதும் என் எதிர் இருக்கையில் ஒரு பெண் சொன்னாள்:

“சரோஜாகிட்ட விளக்கம் கேட்டு வந்த ஷோ காஸ் லெட்டரை சரோஜாவேதான் டைப் பண்ணா.”

இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் வெவ்வேறு அரசாங்க அலுவலக அட்டை. இளையவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

“என்ன அக்கா சொல்றீங்க?”

“எங்க ஆபீஸ்ல டிசிப்ளின் கேஸ் எல்லாம் அவதானே பார்க்குறா. வேற யாருக்கு அந்த வேலை தெரியும்?”

“அவங்க என்ன செஞ்சாங்க?”

“வெள்ளிக்கிழமை தொழுகைக்காக விடுற லஞ்ச் எவ்ளோ நீளம்! அதுவும் பத்தாம, பிரிக்பீல்ட்ஸ்ல புடவை பார்த்துட்டு நாலு மணிக்கு வந்தா. பாஸ் பார்த்துட்டாரு.”

“அப்புறம்?”

“பாஸ் எழுதிக் கொடுத்ததுல என்னிக்கு நடந்துச்சுன்னே இல்ல. அப்படியே விட்டிருந்தா கேஸ் நிக்காது லா. இவ போய்த் தேதி கேட்டு வாங்கி, அடிச்சு, அவர்கிட்ட சைன் வாங்கி, தனக்கே கொடுத்துக்கிட்டா.”

“ஐயோ! தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். நானே கேட்டேன். ‘தப்பு என்னோடது, லெட்டர் ஆபீசோடது. அரைகுறையா அனுப்ப மாட்டேன்’னுட்டா.”

பெட்டாலிங் ஸ்டேஷன் வந்து போனது. இளையவள் மறுபடி கேட்டாள்:

“முடிவு என்ன ஆச்சு?”

“வார்னிங். அந்த லெட்டரும் அவதான் அடிச்சா.”

இளையவள் தன் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அவங்களுக்கு மாத்தல் வந்தா எங்க ஆபீஸ் பக்கம் மட்டும் அனுப்பிடாதீங்க அக்கா.”