நினைவு மலருக்கு நான்கு பக்கங்கள்

கட்டுரையைப் பத்தாம் தேதிக்குள் தந்துவிட வேண்டும் என்று செயலாளர் ஹோரிகோமி மூன்று முறை தொலைபேசியில் சொல்லிவிட்டார். நான்கு பக்கம், மிகக் கூடாது. படம் வேண்டாம், அதைச் சங்கமே போட்டுக்கொள்ளும். இன்று எட்டாம் தேதி. நான் எதையும் தாமதமாகக் கொடுத்தவன் அல்ல.

மலர் மறைந்த குவபாராவின் உறவினர்களுக்கும் போகும் என்பதால் ஒரு வார்த்தை. நாங்கள் வளர்ப்பது ரஞ்சு என்னும் தங்கமீன். அதற்கு முதுகில் துடுப்பு இருக்காது, தலையில் சதை புடைத்திருக்கும். பக்கவாட்டில் பார்க்கிற மீன் அல்ல, தொட்டிக்கு மேலே நின்று குனிந்து பார்க்க வேண்டும். இலையுதிர்காலப் போட்டியில், மல்யுத்த வீரர்களுக்குப் போடுவதுபோல மீன்களுக்கும் தரவரிசை போட்டு அச்சடிப்போம். முதல் இடத்துக்குப் பெயர் கிழக்கு ஓசெகி. சங்கத்தில் முப்பத்தொரு பேர். அதில் பத்தொன்பது பேர் பதவியில் இருக்கிறார்கள், பதினொரு பேர் ஆலோசகர்கள். மிஞ்சிய ஒருவர் குவபாரா. பதவி இல்லாத ஒருவரைச் சும்மா எப்படி அழைப்பது என்று தெரியாமல் எல்லோரும் அவரை வாத்தியார் என்றோம். மீனைப் பற்றி ஏதாவது தெரிந்தவரும் அவர் ஒருவர்தான்.

இறுதிச் சடங்கில் தலைவர் தோகோரோ பதினேழு நிமிடம் பேசினார். அதில் குவபாராவுக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். மற்றதெல்லாம், குவபாராவிடம் தோகோரோ எந்தெந்தச் சமயத்தில் என்னென்ன அருமையாகச் சொன்னார் என்பது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர், எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கடைசியில் அந்தப் பழைய கதைக்கு வந்தார். மாமனார் உயிர் போய்க்கொண்டிருந்த வேளையிலும் தண்ணீர் மாற்றுவதைப் பாதியில் நிறுத்தாத மனிதர் குவபாரா, இதுவல்லவா ரஞ்சு நெறி என்றார். சங்கத்தின் நாற்பதாம் ஆண்டு மலரில் அச்சான கதை அது. கூடத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் குவபாராவின் மனைவி மிசுயே என் பக்கம் சாய்ந்தார்.

“என்னங்க கதை விடறாரு இவரு? எங்கப்பா செத்தப்போ மீனையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுட்டு, ரப்பர் பூட்ஸோட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாரு. அந்த வருஷம் ஒரு மீன்கூட மிஞ்சலை.”

“தெரியும்ங்க,” என்றேன்.

தெரியும்தான். குவபாராவே சொல்லியிருக்கிறார். சங்கத்துக்கு மறுப்பு எழுதிப் போட்டாராம். அதை ஹோரிகோமி கோப்பில் வைத்துக்கொண்டார்.

எனக்கும் அவருக்கும் பதினான்கு வருடப் பழக்கம். அவர் என்னைவிட ஆறு வயது இளையவர், தபால்காரர். நான் ஹமமாட்சுவில் ஒரு பியானோ ஆலையில் முப்பத்தொரு வருடம் தர ஆய்வாளனாக இருந்தவன். முதல்முறை என் மீனைத் தூக்கிக்கொண்டு அவர் கொட்டகைக்குப் போனபோது நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“நீங்களே வளர்த்ததா?”

“ஆமாம்.”

“உப்பு தடவிச் சுட்டா நல்லாருக்கும்.”

அன்றே நண்பர்களாகிவிட்டோம். பார்லி டீ வைத்திருக்கும் புட்டியும், தொட்டியின் பாசித் தண்ணீர் வைத்திருக்கும் புட்டியும் அவரிடம் ஒரே மாதிரி இருக்கும். ஒருநாள் மாற்றிக் குடித்துவிட்டு, “போன வருஷத் தண்ணியைவிடப் பரவாயில்லை” என்றார். அவரோடு சிரித்த அளவு நான் என் வீட்டில் சிரித்ததில்லை. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ரஞ்சு வளர்ப்பது என்பது கழிப்பது. மே மாதம் மூவாயிரம் குஞ்சு இருந்தால் ஆகஸ்டில் பன்னிரண்டு இருக்க வேண்டும். வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு கரண்டி விட்டு, வால் கோணியதை, முதுகில் முள் தெரிவதை எடுத்துப் போட வேண்டும். கழித்தது உயிரோடு இருக்காது. குவபாராவின் கை வேகம் வேறு யாருக்கும் வராது. எனக்கு வந்தது. பியானோக் கட்டையின் அடியில் ஒட்டும் கம்பளித் துணியில் ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தாலும் கண்டுபிடித்தவன் நான். இருபத்தாறு வருடமாக அவர் காத்துவந்த வம்சம் வடக்குத் தொட்டியில் இருந்தது. இரண்டு பெட்டை, மூன்று ஆண். ஒரு வம்சத்தைத் தொடர்ந்து நடத்தக்கூடிய ஒருவரிடம்தான் தாய்மீனை ஒப்படைப்பார்கள், அதுதான் எங்கள் வழக்கம். இரண்டு வருடம் முன்பு புத்தாண்டு விருந்தில், பத்தொன்பது பதவியாளர்கள் முன்னிலையில், “எனக்கப்புறம் வடக்குத் தொட்டி நிராசாவா-சானுக்கு” என்றார், என் பெயரைச் சொல்லி. நான் வேறெதையும் இந்த வாழ்க்கையில் கேட்டதில்லை.

போன குளிர்காலத்தில் அவருக்கு இதயம் தகராறு செய்தது. வாளி தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஞாயிறுதோறும் நான் போய்த் தண்ணீர் மாற்றிக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டிருப்பார். மே மாதம் வந்தது, அவர் கழிக்கவில்லை. ஜூனிலும் கழிக்கவில்லை. தொட்டிகளில் கோணலும் மாணலுமாக ஒரு கூட்டம் நீந்தியது. ஒன்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தார். கேட்டால், “விடுங்க, அதுவும் சாப்பிடுதுல்ல” என்பார். நோயாளி பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு, போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. காலை ஒன்பது மணிக்கே முப்பத்தொரு டிகிரி. மிசுயே தெருவாசிகளோடு கால்வாய் சுத்தம் செய்யப் போயிருந்தார், பதினொரு மணிக்குத்தான் வருவார். வடக்குத் தொட்டியின் ஐந்தையும் போட்டி மீன்கள் ஏழையும் பிடித்து ஆழமில்லாத பேசின்களில் விட்டுவிட்டு, நான் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த குவபாரா பேச்சை எடுத்தார்.

“நிராசாவா-சான், ஒண்ணு சொல்லணும். இந்த அஞ்சையும் முதியோர் மையத்துக் குளத்துல விடப்போறேன். புதன்கிழமைக்கு வண்டி சொல்லியாச்சு.”

“எந்தக் குளம்? நாரை வந்து நிக்குமே, அதுவா?”

“வலை போடறேன்னு சொல்லிருக்காங்க.”

“எந்த வருஷம்?”

சிரித்தார். “அங்க இருக்கறவங்க ஜன்னல்லேருந்து பாப்பாங்க. பொழுது போகும்.”

“அது மேலேருந்து பாக்கவேண்டிய மீன், வாத்தியாரே.”

“அது அந்த மீனுக்குத் தெரியாதே.”

இருபத்தாறு வருட வம்சத்தைப் பற்றி அதை உண்டாக்கிய மனிதர் சொன்ன வாக்கியம் இது. தோகோரோ சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பேன்.

“எனக்குன்னு சொன்னீங்க,” என்றேன்.

“சொன்னேன். உங்ககிட்ட குடுத்தா அடுத்த வருஷமே ஓசெகி வரும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு மீன் பிடிக்காது, நிராசாவா-சான். மீன்ல இருக்கற குறைதான் பிடிக்கும்.”

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தொடர்ந்து தேய்த்தேன். பாசியை எதிர்ப்பக்கமாகத் தேய்க்கிறேன் என்று அதையும் திருத்தினார்.

இனி நடந்ததை நான் எழுதவேண்டிய அவசியம் இல்லை. மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிவிட்டார், அது உண்மையும்கூட. மிசுயே ஐந்து மீன்களையும் தன் கையாலேயே என்னிடம் கொடுத்தார். தானே வளர்த்த மீனைத்தான் போட்டிக்கு வைக்கலாம் என்ற விதியைத் தோகோரோ ஒருநாளுக்குத் தளர்த்தினார். குவபாராவின் மீன் என் பெயரில் கிழக்கு ஓசெகி ஆனது. இரண்டு பேர் அழுதார்கள். எல்லாம் ஒழுங்காக முடிந்துவிட்டது.

ஆனால் மலருக்குத் தோகோரோ எழுதிய முன்னுரையை ஹோரிகோமி எனக்கு அனுப்பிவைத்திருக்கிறார். அதில், “குரு சாய்ந்ததும் பதறி ஓடி, மருந்தைத் தேடி, போராடித் தோற்ற சீடர் நிராசாவா” என்று இருக்கிறது. ஒரே வரியில் இத்தனை பிழை. நான் பதறவில்லை. ஓடவில்லை. மருந்தைத் தேடவேண்டிய தேவையும் இல்லை, அது இருக்கும் இடம் எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு பொய்யை அச்சடித்து சங்கத்தின் நெறியாக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றை என் பெயரில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். திருத்தம் பின்வருமாறு.

ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு வாளியிலிருந்து வழுக்கிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். “மாத்திரை,” என்றார். “ஜாக்கெட்ல.” நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அது. ஜாக்கெட் கதவுப் பக்கம் ஆணியில் தொங்கியது. நான் நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டு.

“இதோ, இந்தத் தொட்டி முடிஞ்சதும்,” என்றேன்.

அவர் என் பெயரைச் சொன்னார். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை சொன்னார். பிறகு உதடு மட்டும் அசைந்தது.

பேசினில் இருந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கத் தொடங்கியிருந்தன. அந்த வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது. தண்ணீர் மாற்றுவதைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது சங்கத்தின் நெறி. முப்பது பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏற்கிற நெறி. அதை நம்பிச் செய்தவன் நான் ஒருவன்தான் என்றால் குற்றம் யாருடையது என்று தோகோரோ பதினேழு நிமிடம் யோசிக்கலாம். அது பொய் என்பது எனக்குத் தெரியும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

தொட்டியைக் கழுவினேன். முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரை நிரப்பினேன். பழைய பாசித் தண்ணீரைப் பத்துக்கு ஒரு பங்கு சேர்த்தேன். வெப்பமானியை வைத்துப் பார்த்து, அரை டிகிரி வித்தியாசம் இருந்ததால் காத்திருந்தேன். ஒவ்வொரு மீனாகக் கையால் ஏந்தி உள்ளே விட்டேன், வலை போடவில்லை. பன்னிரண்டும் நலம். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குத் தொலைபேசி செய்தேன். மணி பத்து ஒன்று. மாத்திரை ஜாக்கெட்டிலேயே இருக்கிறது, மிசுயேவிடம் கேட்டால் காட்டுவார். காவல் நிலையத்துக்கு இதன் நகலை அனுப்புவதானால் ஹோரிகோமி அனுப்பட்டும், அது செயலாளரின் வேலை.

முதல் பத்து நிமிடம் குவபாரா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். சுவரில் சாய்ந்தபடி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை, அதை அவர் கவனித்திருப்பார். இந்தப் பதினான்கு வருடத்தில் என் வேலையில் அவர் ஒரு குறையும் சொல்லாத நாள் அது ஒன்றுதான்.